இரத்தத்தில் வருவதும் வீட்டில் வருவதும்



ஒரு வீட்டில் ஒருவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டால், பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகும் ஒரு கேள்வி அந்த வீட்டைவிட்டுப் போவதில்லை. அதை யாரும் உரக்கக் கேட்பதில்லை. மருத்துவரிடம் வந்து தூக்கமில்லை, பசியில்லை என்று வேறு எதையெதையோ சொல்லிவிட்டு, எழுந்து போகிற நேரத்தில் தாழ்ந்த குரலில் கேட்பார்கள்: "டாக்டர், இது என் பிள்ளைக்கும் வருமா?"

அதே கேள்வியை ஊர் வேறு விதமாகக் கேட்கிறது. "அந்தக் குடும்பத்துல ஏற்கெனவே ஒருத்தர் இப்படிப் போயிருக்காராமே, பொண்ணு கொடுக்கலாமா?" என்று கேட்கிறது. முதல் கேள்வியில் அச்சம் இருக்கிறது, இரண்டாவதில் தீர்ப்பு இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டவர். இத்தனை ஆயிரம் வீடுகளிலும் இந்தக் கேள்வி இருக்கும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் வராது. மரபு வழியாக ஏதோ ஒன்று வருவது உண்மைதான். ஆனால் அப்படி வருவது மரணம் அல்ல, சில வகைத் துன்பங்களைத் தாங்குவதில் உள்ள ஒரு நொய்மை. அந்த நொய்மை கூடுவதும் குறைவதும் பெருமளவுக்குக் குழந்தைப் பருவத்தில் நடக்கிறது. ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி இதைத்தான் சொல்கிறது. அது எப்படித் தெரிய வந்தது என்று விளக்குவதற்கே இன்று வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் லாங்காஸ்டர் வட்டாரத்தில் ஆமிஷ் என்ற சமயக் குழுவினர் வாழ்கிறார்கள். கார் ஓட்டுவதில்லை. மின்கம்பியை வீட்டுக்குள் விடுவதில்லை. விவாகரத்து மிக அரிது. முதியோரைத் தனியே விடுவதில்லை, ஒருவர் களஞ்சியம் எரிந்தால் ஊரே கூடிக் கட்டித்தருகிறது. யார் யாருக்குப் பிறந்தார், யார் எப்போது எப்படி இறந்தார் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஜானிஸ் ஈகலாண்ட் என்ற ஆராய்ச்சியாளர் அந்தப் பதிவுகளைக் கொண்டு 1880 முதல் 1980 வரையிலான நூறாண்டுகளை ஆராய்ந்தார். அந்த நூறாண்டில் நடந்த தற்கொலைகள் 26. அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நான்கே நான்கு குடும்ப வழிகளில் நடந்திருந்தன.

இதைக் கேட்டதும் 'பார்த்தீர்களா, இரத்தத்தில்தான் இருக்கிறது' என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. மனச்சோர்வும் பித்தெழுச்சியும் அதே அளவுக்குப் பரவியிருந்த வேறு சில குடும்பங்களில் ஒரு தற்கொலைகூட நடக்கவில்லை. ஆக, மனநோய் ஒரு குடும்பத்தில் இறங்கி வருவதும் தற்கொலை இறங்கி வருவதும் ஒன்றல்ல. நோய்க்கு மேலே வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்தால்தான் அந்த முடிவு நேர்கிறது.

அந்த வேறொன்று மரபணுவா, வளர்ந்த வீடா? சொந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளை வைத்து இதைப் பிரித்தறிய முடியாது. தகப்பனின் மரபணுவும் தகப்பனின் கோபமும் ஒரே கூரையின் கீழ்தான் பிள்ளைக்கு வந்து சேர்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தத்துப்பிள்ளைகளிடம் போனார்கள்.

டென்மார்க்கில் தத்துக் கொடுப்பது அரசு ஆவணங்களில் ஒழுங்காகப் பதிவாகிறது. பெற்றவர் யார், வளர்த்தவர் யார் என்ற இரண்டும் தெரியும். ஃபினி ஷூல்சிங்கரும் அமெரிக்காவைச் சேர்ந்த சீமோர் கெட்டி முதலானோரும் 1979இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தத்துப்பிள்ளைகளாக வளர்ந்து, பின்னர் தற்கொலையால் இறந்தவர்கள் 57 பேர். அவர்களுக்கு ஒப்பீடாக, அதே போலத் தத்தெடுக்கப்பட்டு அப்படி இறக்காத 57 பேர். இரு சாராரின் உறவினர்களையும் தேடினார்கள். இறந்தவர்களைப் பெற்ற வழியில் 269 உறவினர்கள். அவர்களில் 12 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவிலும் பெற்ற வழி உறவினர் 269 பேர். அங்கே இருவர் மட்டுமே. வளர்த்த வழியில், இரு பக்கமும், ஒருவர்கூட இல்லை.

பன்னிரண்டுக்கு இரண்டு. இறந்தவரோடு ஒரே வீட்டில் வாழாத உறவினர்களிடம் இந்த வேறுபாடு தெரிந்தது. பார்த்துக் கற்றுக்கொண்டது என்றோ, துக்கம் தொற்றிக்கொண்டது என்றோ இதை விளக்க முடியாது. மரபுக்குப் பங்கு உண்டு என்பதற்கு இன்றுவரை இதுவே மிக வலுவான சான்றுகளில் ஒன்று. அதை நான் மழுப்ப விரும்பவில்லை.

ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் படியுங்கள். 269 பேரில் 257 பேர் தற்கொலையால் இறக்கவில்லை. இரட்டையர் ஆய்வுகளிலும் இதே கதைதான். அலெக் ராய் என்பவரும் உடன் ஆராய்ந்தவர்களும் 1991இல் வெளியிட்ட கணக்கில், ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவர் தற்கொலையால் இறந்த 62 இணைகளில், மற்றவரும் அப்படி இறந்தது 7 இணைகளில். இரு கருமுட்டை இரட்டையரில் 114 இணைகளுக்கு 2. ஏழுக்கும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மரபின் பங்கைக் காட்டுகிறது. ஆனால் மரபணு முழுக்க ஒத்திருந்தும், கூடவே பிறந்தவர் அந்த வழியில் போயும், 55 பேர் போகவில்லை. பாடநூல்கள் ஏழைப் பற்றிப் பேசுகின்றன. எனக்கு அந்த 55 பேரைப் பற்றிப் பேசுவதுதான் முக்கியமாகப் படுகிறது.

இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் தற்கொலை நடத்தையில் மரபின் பங்கு 30 முதல் 55 சதவீதம் என்கிறார்கள். இந்த எண் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதால் ஒரு வார்த்தை. தாய்க்கு நேர்ந்தால் பிள்ளைக்கு 50 சதவீத வாய்ப்பு என்பது இதன் பொருள் அல்ல. ஒரு சமுதாயத்தில் மனிதருக்கு மனிதர் இடர் வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டில் எத்தனை பங்கு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பதையே அது சொல்கிறது. தனி ஒருவரின் விதியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அந்த டென்மார்க்கிலேயே 1980க்கும் 2007க்கும் இடையில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளை விற்பனையிலிருந்து நீக்கிய பிறகு, 1995 தொடங்கி இருபது ஆண்டுகளில் விகிதம் 70 சதவீத அளவுக்கு இறங்கியது. ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடாது. மாறியது சட்டமும் மருத்துவமும் சூழலும்தான்.

சரி, வருவது என்ன? பிட்ஸ்பர்க்கில் டேவிட் பிரெண்ட், நியூயார்க்கில் ஜான் மான் ஆகியோரின் குழு, மனச்சோர்வு போன்ற நோயுள்ள 334 பெற்றோரின் 701 பிள்ளைகளைச் சராசரியாக ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தது. 2015இல் வெளியான முடிவு இது: பெற்றவர் தற்கொலைக்கு முயன்றிருந்தால், பிள்ளையும் முயலும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. பிள்ளையின் சொந்த மனச்சோர்வைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வேறுபாடு நின்றது. இந்த வழியில் முக்கியமான ஒரு கண்ணி, சட்டென்று மூளும் சினம். ஒரு சொல் பொறுக்காமல் வெடிப்பது, எண்ணுவதற்கும் செய்வதற்கும் இடையே இடைவெளி இல்லாமல் போவது. இந்த இயல்பு சில குடும்பங்களில் இறங்கி வருகிறது. 'எங்க அப்பாவுக்கு முன்கோபம், எனக்கும் அப்படியே' என்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்லிக்கொள்வது இதைத்தான். அதுவே மனச்சோர்வோடு சேரும்போது ஆபத்தாகிறது. சுவீடனில் மேரி ஆஸ்பெர்க் 1976லேயே, முதுகுத்தண்டு நீரில் செரட்டோனின் சிதைபொருள் குறைவாக உள்ள நோயாளிகளிடம் கடுமையான முயற்சிகள் அதிகம் என்று காட்டினார். உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் வேதியியல் அது.

மரபணுத் தேடலைச் சுருக்கமாகவே சொல்கிறேன். செரட்டோனினைக் கையாளும் ஒரு மரபணுவின் குறுகிய வடிவம் உள்ளவர்கள் துயரத்தில் எளிதில் சாய்கிறார்கள் என்று 2003இல் பெரும் ஆரவாரத்தோடு ஓர் ஆய்வு வந்தது. பெரிய எண்ணிக்கையில் சோதித்தபோது அது நிலைக்கவில்லை. தற்கொலை மரபணு என்று ஒன்று கிடையாது. தற்கொலைக்கு முயன்ற 29,782 பேரின் மரபணுத் தொகுதிகளை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தொகுதிகளோடு ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு 2022இல் அச்சில் வந்தது. ஏழாம் குரோமோசோமில் ஓர் இடம் தெளிவாகத் தெரிந்தது. மற்றபடி, ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகள். ஒவ்வொன்றின் பங்கும் துளியிலும் துளி. இரத்தமோ உமிழ்நீரோ எடுத்து, இவர் தற்கொலை செய்துகொள்வார் என்று சொல்லும் பரிசோதனை எதுவும் உலகில் இல்லை. யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஜாதகத்தோடு அதையும் கேட்கும் காலம் வந்துவிடக் கூடாது என்பது என் உண்மையான அச்சம்.

இனி வளர்ந்த வீட்டுக்கு வருவோம். அதற்கும் முன்னால் கருவறை இருக்கிறது. டென்மார்க் தத்துப்பிள்ளைகள்கூடப் பெற்ற தாயின் வயிற்றில் பத்து மாதம் இருந்தவர்கள்தாம். ஆகவே 'பெற்ற வழி' என்று நாம் எண்ணுவதில் முதல் சூழலும் கலந்தே இருக்கிறது. சுவீடனில் 1973 முதல் 1980 வரை பிறந்த ஏழு லட்சம் பேரைத் தொடர்ந்து பார்த்ததில், மிகக் குறைந்த எடையோடு பிறந்தவர்களுக்கும், பதின்வயதுத் தாய்மார்களுக்குப் பிறந்தவர்களுக்கும் பிற்காலத்தில் தற்கொலை இடர் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. கர்ப்பிணிக்குச் சத்துணவு கொடுப்பதும், பதினெட்டுக்கு முன் பெண்ணைக் கட்டிக்கொடுக்காமல் இருப்பதும் இந்தப் பேச்சுக்கு வெளியே உள்ளவை அல்ல.

கலிபோர்னியாவின் சான் டியாகோவில் ஒரு மருத்துவக் காப்பு நிறுவனத்துக்கு உடல் பரிசோதனைக்கு வந்த 17,337 பேரிடம் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார்கள். அடி, வசை, பாலியல் கொடுமை, வீட்டில் தாய் அடிவாங்குவதைப் பார்ப்பது, குடி, வீட்டில் மனநோய், சிறை சென்றவர், பெற்றோர் பிரிவு என எட்டு வகை. 2001இல் வந்த முடிவு: எதுவுமே நேராதவர்களில் தற்கொலைக்கு முயன்றவர்கள் 1.1 சதவீதம். ஏழோ எட்டோ நேர்ந்தவர்களில் 35.2 சதவீதம். தனி ஒரு மரபணு வேறுபாடு எதுவும் இந்த அளவுக்கு அருகில்கூட வராது.

இந்த எண்கள் எப்படி உடலுக்குள் இறங்குகின்றன? இதற்கு விடை தேடிய கதை கனடாவின் மான்ட்ரியால் நகரில் நடந்தது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் மனத்தைத் தொட்ட ஆராய்ச்சி அது. கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி எலிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். தாய் எலிகள் குட்டிகளை நக்கிக் கோதிவிடும். சில தாய்கள் நிறைய நக்கும், சில குறைவாக. நிறைய நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்த பின் அச்சம் வந்தாலும் விரைவில் அமைதியாகின. குறைவாக நக்கப்பட்டவை பதற்றத்திலேயே இருந்தன. பிறப்பிலேயே அப்படியா என்று பார்க்கக் குட்டிகளைத் தாய் மாற்றி வைத்தார்கள். குட்டி பெற்ற தாயைப் போல அல்லாமல் வளர்த்த தாயைப் போல ஆனது.

அச்சத்தின்போது கார்ட்டிசால் வகைச் சுரப்பு உடலெங்கும் பாய்கிறது. ஆபத்து நீங்கியதும் அதை நிறுத்த வேண்டும். நிறுத்தும் வேலையில் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் உள்ள ஓர் ஏற்பிக்குப் பங்கு உண்டு. கார்ட்டிசாலை உணர்ந்து 'போதும்' என்று செய்தி அனுப்பும். வயல் நிறைந்ததும் மதகை இறக்கும் நீர்க்கட்டிக்காரரின் வேலை அது. அந்த ஏற்பியைச் செய்வதற்கு ஒரு மரபணு இருக்கிறது. அதன் முகப்பில் மெத்தில் என்னும் சிறு வேதிக்குழு ஒட்டிக்கொண்டால் மரபணு அடங்கிவிடும். எழுத்து மாறுவதில்லை, வாசிப்பு நிற்கிறது. மீனியும் மோஷே ஷிஃபும் அவர்களது குழுவும் 2004இல் காட்டியது: குறைவாக நக்கப்பட்ட குட்டிகளில் அந்த முகப்பில் மெத்தில் கூடுதலாக ஒட்டியிருக்கிறது, பிறந்த முதல் வாரத்திலேயே அது ஒட்டி, வளர்ந்த பின்னும் நிற்கிறது. ஒரு மருந்தை மூளைக்குள் செலுத்தியபோது, வளர்ந்த எலியிலும் அது கலைந்தது.

இது எலி. மனிதனிடம் உண்டா? அதே நகரில் டக்ளஸ் மருத்துவமனையில் ஒரு மூளை வங்கி இருக்கிறது. தற்கொலையால் இறந்தவர்களின் குடும்பத்தார், அந்தத் துக்கத்தின் நடுவிலும், மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதித்ததால் உண்டான வங்கி அது. பின்னர் ஆராய்ச்சியாளர்கள் வீட்டுக்குப் போய், இறந்தவர் எப்படி வளர்ந்தார், என்ன பட்டார் என்று பொறுமையாகக் கேட்டு எழுதுவார்கள். குஸ்தாவோ துரெக்கியின் குழுவோடு சேர்ந்து பாட்ரிக் மெக்கவன் 36 மூளைகளை ஆராய்ந்தார்: குழந்தைப் பருவத்தில் கொடுமைப்பட்டுப் பின் தற்கொலையால் இறந்தவர்கள் 12, கொடுமைப்படாமல் அப்படி இறந்தவர்கள் 12, வேறு காரணத்தால் திடீரென இறந்தவர்கள் 12. 2009இல் முடிவு வந்தது. முதல் பன்னிருவரின் ஹிப்போகாம்பஸில் அதே மரபணுவின் முகப்பில் மெத்தில் கூடுதல், ஏற்பி குறைவு. எலிக்குட்டியில் கண்டது போலவே.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இரண்டாவது பன்னிருவரும் தற்கொலையால்தான் இறந்தார்கள். அவர்கள் மூளையில் அந்தத் தடம் இல்லை. மூன்றாம் குழுவைப் போலவே இருந்தார்கள். ஆக அந்தத் தடம் தற்கொலையின் தடம் அல்ல. குழந்தை பட்ட கொடுமையின் தடம். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் நடந்ததை உடல் மறக்காமல் வைத்திருந்தது. 36 என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும், இறந்த மூளையில் கண்டதை உயிருள்ளவரின் சிகிச்சையாக மாற்ற இன்னும் வெகுதூரம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் மரபா வளர்ப்பா என்று நூறாண்டாக நடந்த வழக்கை இந்த ஆய்வு வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டது. வளர்ப்பு, மரபணுவின் மேலேயே போய் எழுதுகிறது.

இன்னொரு சுவீடன் ஆய்வு இதே செய்தியை வேறு வழியில் சொல்கிறது. பெற்றவரைத் தற்கொலையில் இழந்த 44,397 பேரின் வாழ்க்கைப் பதிவுகளை ஹாலி வில்காக்ஸும் மற்றவர்களும் பார்த்தார்கள். பதினெட்டு வயதுக்கு முன் இழந்தவர்கள் பின்னாளில் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு, பெற்றோர் உயிரோடுள்ள பிள்ளைகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. பதினெட்டைக் கடந்து இழந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் காணப்படவில்லை. யோசித்துப் பாருங்கள். பத்து வயதில் தந்தையை இழந்த பிள்ளைக்கும் இருபது வயதில் இழந்த பிள்ளைக்கும் தந்தையிடமிருந்து வந்த மரபணுப் பங்கு ஒன்றேதான். வேறுபடுவது வயது. இழப்பு வந்தபோது அந்தப் பிள்ளையின் கையைப் பிடிக்க யார் இருந்தார் என்பது வேறுபடுகிறது.

இப்போது நம் வீடுகள். 'அடி உதவுறது போல அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்று சொல்லி வளர்க்கிறோம். 2007இல் மத்திய அரசு பதின்மூன்று மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில் மூன்றில் இருவர் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009லேயே தடைசெய்துவிட்டது. வீட்டில்? கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெல்ட்டால் அடிப்பதும், 'நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்' என்று சொல்வதும் கண்டிப்பு அல்ல. முன்கோபம் இறங்கி வருகிற குடும்பம் என்று தெரிந்தால், அந்த வீட்டில் கை ஓங்காமல் இருப்பது மருந்துக்கு நிகரான முன்னெச்சரிக்கை. ஒரு சுமை ஏற்கெனவே இருக்கிற தோளில் இன்னொன்றை ஏற்ற வேண்டாம்.

இழப்பு நேர்ந்த வீடுகளுக்குச் சில சொற்கள். முதலாவது, பிள்ளையிடம் பொய் சொல்லாதீர்கள். 'மாரடைப்பு' என்று சொல்லி வைத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு யாரோ உண்மையைச் சொல்வார்கள். 'அம்மாவுக்கு மனசில் ஒரு நோய் இருந்தது, அதனால் இறந்துபோனாங்க, உன்னால் இல்லை' என்பதை ஆறு வயதுப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். 'உன்னால் இல்லை' என்பதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். எப்படி இறந்தார் என்ற விவரங்கள் வேண்டாம். அமெரிக்காவின் அரிசோனாவில், பெற்றோரில் ஒருவரை ஏதோ ஒரு காரணத்தால் இழந்த 244 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கும் மிச்சமிருந்த பெற்றவருக்கும் சில வாரப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளை பேசும்போது கேட்பது எப்படி, வீட்டின் ஒழுங்கைக் குலையாமல் வைப்பது எப்படி என்ற அளவுக்கு எளிய பயிற்சி. ஆண்டுகள் கழிந்து பார்த்தபோதும், பயிற்சி பெற்ற குடும்பத்துப் பிள்ளைகளிடம் தற்கொலை எண்ணமும் முயற்சியும் குறைந்திருந்தன. அவர்களுடைய மரபணுவை யாரும் தொடவில்லை.

இரண்டாவது, பெற்றவர்களின் மனச்சோர்வுக்கு வைத்தியம் பாருங்கள். பிள்ளைகளுக்காகவாவது பாருங்கள். மிர்னா வைஸ்மனின் குழு 2006இல் 151 தாய்-பிள்ளை இணைகளை வைத்துக் காட்டியது இது: சிகிச்சையில் தாயின் மனச்சோர்வு மூன்று மாதத்தில் நீங்கிய வீடுகளில், பிள்ளைகளுக்கு இருந்த மனநலக் கோளாறுகளும் குறைந்தன. அந்த ஆய்வில் சிகிச்சை கொடுத்தது தாய்க்கு மட்டுமே. 'எனக்கென்ன, பிள்ளை நல்லா இருந்தா போதும்' என்று சொல்லி மாத்திரையை நிறுத்திவிடும் தாய்மார்கள் நம்மிடம் அநேகம். பிள்ளை நன்றாக இருப்பதற்கான வழிகளில் அந்த மாத்திரையும் ஒன்று என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, மருத்துவரிடம் போகும்போது சர்க்கரை, இரத்தக் கொதிப்பு எந்தத் தலைமுறையில் இருந்தது என்று சொல்கிற மாதிரி இதையும் சொல்லுங்கள். 'சித்தப்பா ஒருத்தர் இப்படி இறந்தார்' என்பது மருத்துவருக்குப் பயன்படும் தகவல். பதினைந்து வயதுப் பையன் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டால், அந்தத் தகவல் தெரிந்த மருத்துவர் 'வயசுக் கோளாறு' என்று அனுப்பிவிடமாட்டார். சாக எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்பார். நீங்களும் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்பது பலமுறை ஆராய்ந்து உறுதியான செய்தி. இரவு இரண்டு மணிக்கு அப்படி ஒரு பேச்சு வந்தால், நாட்டின் டெலிமானஸ் சேவை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசும். சென்னையில் 1986 முதல் சினேகா அமைப்பின் தன்னார்வலர்கள் இதற்காகவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெண் கேட்டுப் போகிற இடத்தில் யாராவது அந்தக் குடும்பத்து இரத்தத்தைப் பற்றிப் பேசினால், இன்று கேட்ட எண்களில் ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள். டென்மார்க்கில் தேடிப் பார்த்த 269 உறவினர்களில் 257 பேர் அப்படி இறக்கவில்லை. எஞ்சிய பன்னிருவருக்கும் இடர் அதிகம் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இன்று நமக்குத் தெரிகிறது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்க முடியாதவர்களுக்காக, கூட்டம் கலைந்த பிறகும் இங்கேயே இருப்பேன்.